வெள்ளைப் பெட்டியில் வெள்ளைப் பொத்தான்

அத்தியாயம் 4

சோழசூடாமணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ரெத்தினம் ஸ்கூட்டரை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கண்ணில் பட்ட காட்சிதான் நிறுத்த வைத்தது.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சம்பா நெல் படுத்துக் கிடந்தது. முற்றிய கதிர்கள் சேற்றில் முகம் புதைத்திருந்தன. வரப்புகளில் நின்ற ஜனங்கள் வயலைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். வயலில் செய்ய ஒன்றுமில்லை. வானமோ மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

"பந்தி முடிஞ்ச கையோட இலையிலயே படுத்த மாதிரி கிடக்கு மேடம்" என்றார் ரெத்தினம்.

பின்னாலிருந்து இறங்கிய ஹுமைரா சிரிக்கவில்லை. ரெத்தினத்தின் பேச்சுக்கு அவள் சிரிப்பது வருஷத்துக்கு ஒரு தரம்தான். அதற்காக அவர் பேசுவதை நிறுத்தியதும் இல்லை. மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் சில்லறை இல்லாத பயணியிடம்கூடச் சிரிப்பை வாங்கிவிடுவார். அந்த பஸ் நின்றுபோன பிறகு, தஞ்சாவூர் கீழவாசலில் ஹுமைரா நடத்தும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஹுமைராவுக்கும் இது இரண்டாவது உத்தியோகம்தான். சென்னையில் மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலையாக இருந்தது. ஓட்டை புரோகிராமில் இருப்பதைவிட அதை எழுதச் சொன்ன ஆட்களிடம் அதிகம் என்று தெரிந்ததும் ஊருக்கு வண்டி ஏறிவிட்டாள்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. எல்லாமேவா படுத்திருக்கு?"

ரெத்தினம் கண்களைச் சுருக்கினார். படுத்துக் கிடந்த அத்தனை வயலுக்கும் நடுவே இரண்டு இடங்கள் மட்டும் சுத்தமாக அறுக்கப்பட்டு, வெறும் அடித்தாளோடு நின்றன.

"ரெண்டே ரெண்டு தலைக்கு மொட்டை அடிச்சிருக்கு."

"அதுதான் நமக்கு வேணும்" என்றாள் ஹுமைரா.

வழக்கு இதுதான். சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய சூர்யபிரகாஷ், 'கதிர்முறை' என்று ஒரு இணையதளம் தொடங்கியிருந்தார். விவசாயிகள் போனில் பதிந்துகொண்டால் முறை வைத்து அறுவடை மிஷின் வயலுக்கு வரும். மிஷினுக்காக ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டாம். நல்ல ஏற்பாடு என்று குடவாசல் பக்கம் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். போன வாரம், அறுப்பு மும்முரத்தில், எல்லோர் போனிலும் ஒரு பெட்டி வந்து நின்றது. 'அவசரத் தேவை கருதி உங்கள் முறையை வேறு பகுதிக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமா?' என்று கேட்டது. ஊரே சம்மதம் சொன்னது. மிஷின்கள் மேற்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டன. பின்னாலேயே மழை வந்தது.

"நாங்க ஏங்க விட்டுக்குடுக்கப் போறோம்?" என்று ஜனங்கள் சூர்யபிரகாஷின் ஆபீசை மறித்தார்கள். "வேண்டாம்னு சொல்ல அதுல இடமே இல்லையே!"

சூர்யபிரகாஷ் நேராக ஹுமைராவிடம் வந்தார். "எங்க புரோகிராமர் பொண்ணு கனிமொழி செஞ்ச சதி இது மேடம். யாரோ போட்டிக் கம்பெனி தூண்டி விட்டிருக்கணும். 'வேண்டாம்'ங்கிற பொத்தானை மறைச்சிட்டா. நீங்க நிரூபிச்சு மட்டும் குடுங்க. மிச்சத்தைப் போலீஸ்ல நான் பாத்துக்கறேன்."

கட்சிக்காரரே குற்றவாளியின் பெயரையும் சொல்லிக் கொடுத்தால் அந்த வழக்கு சுலபமாக முடிந்துவிடும் என்று ரெத்தினம் நினைத்தார். ஹுமைரா அப்படி நினைக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

*

கனிமொழியின் வீடு வாய்க்காலை ஒட்டி இருந்தது. அவளுடைய அப்பா மருதையன் வாசலில் உட்கார்ந்து ஈரக் கதிரை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பிறர் வயலில் கூலிக்கு இறங்கியவர். மருதையனுக்குச் சொந்தத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலமும், இன்ஜினியரிங் படித்த ஒரு பெண்ணும் உண்டு. போன வாரம் வரை இரண்டையும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உள்ளதான் இருக்கு" என்றார். பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை.

கனிமொழி லேப்டாப்பை மூடாமல் எழுந்து நின்றாள். சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது கண்ணில் தெரிந்தது.

ஹுமைரா சுற்றி வளைக்கவில்லை. "நீதான் மறைச்சியா?"

"மறைக்கலக்கா. ஆனா மறைஞ்சது என்னாலதான்."

இந்த மாதிரி பதிலை ரெத்தினம் தன் அனுபவத்தில் கேட்டதில்லை. டிக்கெட் எடுக்காதவன்கூட "எடுத்தேன், காத்துல பறந்துடுச்சு" என்றுதான் சொல்வான்.

"அண்ணனுக்கும் புரியிற மாதிரி சொல்லும்மா" என்றாள் ஹுமைரா.

"முன்னாடி இந்தப் பாப்-அப் பெட்டி, சைட்டோட சேர்ந்தே இருந்துச்சு. சைட்டுக்கு என்ன நிறம் குடுத்தாலும் பெட்டிக்கும் அது வரும். செந்தில்குமார் சார்தான் எங்க மேனேஜர். அவர் பண்டிகைக்கு ஒரு நிறம், தேர்தலுக்கு ஒரு நிறம்னு மாத்தச் சொல்லிக்கிட்டே இருப்பார். ஒவ்வொரு தடவையும் இந்தப் பெட்டி கலைஞ்சு போயிடும். அது கலையவே கூடாதுன்னு தனியாப் பிரிச்சு ஒரு காம்பொனென்ட்டா செஞ்சேன். அது ஒரு கூடு மாதிரி. வெளியில எழுதுற ஸ்டைல் எதுவும் உள்ள போய் அதைத் தொடாது. ஷேடோ டாம்னு பேரு."

"வீட்டுக்கு வெளிய பெயிண்ட் அடிச்சா பூஜை ரூமுக்குள்ள நிறம் மாறாது. அவ்வளவுதானே?" என்றார் ரெத்தினம்.

"அவ்வளவுதாண்ணே. நிறம் வேணும்னா உள்ள போய்த்தான் அடிக்கணும். 'சம்மதம்' பொத்தானுக்குப் பச்சையை உள்ளயே எழுதிட்டேன். 'வேண்டாம்' பொத்தானோட சாம்பல் நிறம் மட்டும் வெளியிலயே தங்கிடுச்சு. அதுல இருக்கிற எழுத்து வெள்ளை. பெட்டியும் வெள்ளை."

அவள் போனை நீட்டினாள். ரெத்தினம் வாங்கிப் பார்த்தார். திரை நடுவில் வெள்ளைப் பெட்டி. அதில் கேள்வி. கேள்விக்குக் கீழே வலது பக்கம் 'சம்மதம்' என்று பச்சையில் ஒரு பொத்தான். இடது பக்கம் வெறும் வெள்ளை. பெட்டிக்குப் பின்னால் விவசாயியின் முறை எப்போது என்று காட்டும் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. அதைத் தொட்டால் அசையவில்லை. பேக் அமுக்கினால் பெட்டி போய்விட்டு மறுபடியும் வந்து நின்றது.

"பதில் சொல்லாம நகர விடாது போலிருக்கே?"

"ஆமாண்ணே. அதை மூடினாத்தான் மத்ததைத் தொட முடியும்."

"சம்மந்தி வீட்டு ஆளுங்க மாதிரி வாசலை மறிச்சிக்கிட்டு நிக்குது."

"டெஸ்ட் பண்ணலையா?" ஹுமைராவின் குரலில் பழைய உத்தியோகம் எட்டிப் பார்த்தது.

கனிமொழி தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கே வேணும்னு அவசரப்படுத்தினாங்க. 'சம்மதம்' மட்டும் அமுக்கிப் பாத்தேன். வேலை செஞ்சுது. அனுப்பிட்டேன். தப்புதான்க்கா. நான் இதை ஆபீஸ்ல சொன்னதும், 'தப்புன்னு ஒத்துக்கிட்டா, அப்ப சதின்னு எழுதிக்கறோம்'னு சொல்லிட்டாங்க."

"அந்த 'வேண்டாம்' பொத்தான் இப்பவும் அங்கதான் இருக்கா?"

"அதே இடத்துலதான் இருக்கு. தெரியாது, அவ்வளவுதான். அமுக்கினா வேலை செய்யும்."

ரெத்தினம் அந்த வெறும் வெள்ளையில் விரலை வைத்து அழுத்தினார். பெட்டி மறைந்தது. கையில் பூனை பிராண்டியது போல விரலை இழுத்துக்கொண்டார்.

வாசலில் இருந்து மருதையனின் குரல் வந்தது. சுவரைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். "எம் பொண்ணு செஞ்ச பொட்டி. அது கேக்குதுன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நம்பித்தான் அமுக்கினேன். மூணு மாவும் தண்ணிக்குள்ள கிடக்கு."

அந்த வீட்டில் அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசி ஒரு வாரம் ஆகியிருந்ததை ரெத்தினம் அப்போதுதான் புரிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் ஹுமைரா மருதையனிடம் கேட்டாள். "ஐயா, அறுத்துக் கிடக்கிற அந்த ரெண்டு வயலும் யாரோடது?"

"வாய்க்காலோரம் இருக்கிறது நீலாம்பாளோடது. மேட்டுல இருக்கிற அஞ்சு மா, அந்த மேனேஜர் செந்தில்குமாரோடது. அவருக்குத் தாய் வழியில வந்தது."

ஸ்கூட்டரில் ஏறியதும் ரெத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "மேடம், கண்ணுக்கே தெரியாத பொத்தானை ஒருத்தர் அமுக்கியிருக்கார்னா, அது எங்க இருக்குன்னு அவருக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். முன்னால தெரிஞ்சவருதான் கள்ளன். சரிதானே?"

"சரிதான்."

"அப்ப நீலாம்பாளைப் பிடிப்போம்."

"ஏன் அவங்களை முதல்ல?"

"மேனேஜர் வீட்டுல காபி குடுப்பாங்க. குடிச்சிட்டா சந்தேகப்பட மனசு வராது."

*

நீலாம்பாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் பார்க்கவில்லை. ரெத்தினத்தையும் பார்க்கவில்லை.

அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு ரெத்தினம் குரலைக் கனமாக்கினார். "ஏம்மா, ஊருல அத்தனை பேரும் சம்மதம் சொல்லிட்டாங்க. நீங்க மட்டும் எப்படி வேண்டாம்னு சொன்னீங்க?"

"வேண்டாம்னு தோணிச்சு, சொன்னேன்."

"அந்தப் பொத்தான்தான் யாருக்கும் தெரியலையே? வெள்ளையில வெள்ளையா இருந்துச்சே. உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நீலாம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். விழிகள் அவர் தோளுக்கு மேலே எங்கோ நின்றன. "எனக்கு வெள்ளை எது, கறுப்பு எதுங்க? ரெண்டு கண்ணும் போயி வருஷக்கணக்காச்சு."

துப்பறியும் உத்தியோகத்தில் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று தோன்றும் சமயங்கள் உண்டு. ரெத்தினத்துக்கு இது இந்த மாதத்தில் இரண்டாவது.

ஹுமைரா அருகில் போய் உட்கார்ந்தாள். "அக்கா, போன் உங்களுக்குப் படிச்சுச் சொல்லுமா?"

"சொல்லும் தங்கச்சி. விரலால தள்ளிக்கிட்டே போனா ஒவ்வொண்ணா சொல்லும்." நீலாம்பாள் இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தடவினாள். கனிமொழியிடம் போனில் சொல்லி ஹுமைரா அந்தப் பழைய பெட்டியை மறுபடி அனுப்பச் செய்தாள். போன் சற்று மூக்கடைத்த குரலில் கேள்வியைப் படித்தது. பிறகு, "வேண்டாம். பொத்தான்" என்றது. விரல் நகர்ந்தது. "சம்மதம். பொத்தான்" என்றது.

"முதல்ல வேண்டாம்தான் வந்துச்சு. எனக்கும் வேண்டாம்தான். அமுக்கிட்டேன்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஊருல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பேசுறாங்களாமே? நான் ஆபீஸ்காரங்களுக்குக் காசு குடுத்தேன்னு. எனக்குக் கேட்டுதே, அவங்களுக்குத் தெரியலைன்னு நான் எப்படிக் கண்டேன்?"

ஊர் முழுக்கக் கண் இருந்தும் ஏமாந்த இடத்தில், கண் இல்லாதவள் மட்டும் தப்பித்திருந்தாள். அந்தப் பழி வேறு அவள் தலையில்.

ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் ரெத்தினம், "ஒரு தலைக்கு மொட்டை ஏன்னு தெரிஞ்சு போச்சு" என்றார்.

"இன்னொரு தலையும் காரணம் சொல்லும். அது என்னன்னு கேப்போம்" என்றாள் ஹுமைரா. "ஆனா காபி வேண்டாம்."

*

மத்தியானம் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கூட்டம் கூடிவிட்டது. விசாரணை முடிவை எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்போவதாகச் சூர்யபிரகாஷே தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தார். வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். கூடவே செந்தில்குமார். மேனேஜர் என்பது ஆபீசில்தான். வீட்டில் அவர் சூர்யபிரகாஷின் அக்காள் கணவர். மருதையன் ஒரு ஓரத்தில் நின்றார். கனிமொழி இன்னொரு ஓரத்தில் நின்றாள். நீலாம்பாளை யாரோ கைபிடித்து அழைத்து வந்து மூட்டை மேல் உட்கார வைத்தார்கள்.

"என்ன மேடம், முடிஞ்சுதா?" என்றார் சூர்யபிரகாஷ். கூட்டத்துக்குக் கேட்கும்படியாகவே கேட்டார். "கனிமொழிதானே?"

"ஆமா" என்றாள் ஹுமைரா. "அந்தப் பொத்தான் மறைஞ்சது கனிமொழி செஞ்ச தப்பாலதான்."

களம் இரைந்தது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவா காலையிலிருந்து சேற்றில் அலைந்தோம் என்று ரெத்தினம் அவளைப் பார்த்தார். மருதையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார்.

சூர்யபிரகாஷ் நிம்மதியாக மூச்சு விட்டார். "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?"

"ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி இருக்குங்க. அதையும் முடிச்சிடறேன்." ஹுமைரா செந்தில்குமார் பக்கம் திரும்பினாள். "சார், உங்க அஞ்சு மாவும் மழைக்கு முன்னாலயே அறுத்தாச்சு. நீங்க 'வேண்டாம்'னு அமுக்கியிருக்கீங்க. யாருக்கும் தெரியாத பொத்தான் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

செந்தில்குமார் இந்தக் கேள்விக்குத் தயாராகவே வந்திருந்தார். "நியாயமான கேள்விதான். எனக்குக் கண்ணு கூசும்னு சைட்டை எப்பவும் கறுப்புத் தீம்ல வச்சிருப்பேன். எல்லாம் கறுப்பா வரும். கறுப்புல வெள்ளை எழுத்து பளிச்சுன்னு தெரியுமே! எனக்குத் தெரிஞ்சுது. மத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சிட்டேன். நான் என்ன கண்டேன்?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். ரெத்தினத்துக்கே அது சரியான பதிலாகத்தான் பட்டது. நீலாம்பாளுக்குக் காது காரணமாக இருந்தால் இந்த மனிதருக்குக் கறுப்பு காரணமாக இருக்கக்கூடாதா? இரண்டாவது தலையும் கைநழுவிப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"அப்படியா?" ஹுமைராவின் குரல் இன்னும் மரியாதையாக மாறியது. ரெத்தினத்துக்கு அந்த மரியாதை தெரியும். அது வந்தால் எதிரில் இருப்பவர் ஓடிவிடுவது நல்லது. "உங்க போனைக் கொஞ்சம் காட்டறீங்களா? நான் நம்புறேன். இவங்களுக்காகத்தான்."

செந்தில்குமார் பெருமிதத்தோடு போனை எடுத்துக் கதிர்முறையைத் திறந்தார். சொன்னது போலவே கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாக வந்தது. எல்லோரும் எட்டிப் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்.

"கனிமொழி, அந்தப் பழைய பெட்டியை சாருக்கு அனுப்பும்மா. எதையும் சரி பண்ணாம, இருந்தபடியே அனுப்பு."

கனிமொழி லேப்டாப்பில் தட்டினாள். போன் 'டிங்' என்றது.

கறுப்புத் திரையின் நடுவே பெட்டி திறந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. வலப்பக்கம் பச்சையில் 'சம்மதம்'. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை.

செந்தில்குமார் கையை இறக்கினார். ரெத்தினம் விடவில்லை. முழங்கையைப் பிடித்து மறுபடி உயர்த்தினார். "தூக்கியே வைங்க சார். பின்னால நிக்கிறவங்க இன்னும் பாக்கல."

"வெளியில பூசுற நிறம் இந்தப் பெட்டிக்குள்ள போகாது" என்றாள் ஹுமைரா. "கனிமொழி பூசின சாம்பல் நிறம் உள்ள போகல. அதனாலதான் பொத்தான் மறைஞ்சுது. உங்க கறுப்பு மட்டும் எப்படி சார் உள்ள போச்சு?"

செந்தில்குமார் முழங்கையை உதறி விடுவித்துக்கொண்டார்.

"இவங்களுக்குக் காதுல கேட்டுது." ஹுமைரா நீலாம்பாளைக் காட்டினாள். "உங்களுக்குக் காதுலயும் கேக்கல, கண்ணுலயும் தெரியல. ஆனா அது எங்க இருக்குன்னு தெரியும். ஏற்கெனவே நோண்டிப் பாத்தவருக்குத்தான் அப்படித் தெரியும். பொத்தான் காணாமப் போனது கனிமொழியோட தப்பு. காணாமப் போனது தெரிஞ்சும், தெரிஞ்சதால இந்தக் கேள்வியை ஊருக்கே அனுப்பினதுதான் சதி. உங்க நெல்லையும் கொஞ்சம் நனைய விட்டிருந்தீங்கன்னா நான் வெறுங்கையோட திரும்பியிருப்பேன். அஞ்சு மாவுக்கு ஆசைப்பட்டுட்டீங்க."

செந்தில்குமாரின் கண்கள் சூர்யபிரகாஷைத் தேடின. சூர்யபிரகாஷ் அவசரமாக நெருங்கி வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "மச்சான், எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்."

அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். செந்தில்குமாருக்கு அந்த வாக்கியம் பொறுக்கவில்லை. பழி தன் ஒருவன் தலையில் விழுந்து, மிச்சத்தை வீட்டில் மாமியார் முன்னிலையில் பேசும் காட்சி அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

"வீட்டுல என்ன பேசறது? நீ சொல்லித்தானே செஞ்சேன்! சீர்காழிப் பக்கம் முதல்ல ஒரு கேள்வி அனுப்பினோம். ஒரு ஆள்கூட வேண்டாம்னு சொல்லல. எந்த ஊர்லயாவது விவசாயி ஒருத்தன்கூட முரண்டு பிடிக்காம இருப்பானான்னு சந்தேகப்பட்டு நோண்டிப் பாத்தேன். பொத்தான் தெரியல. உடனே உங்கிட்ட வந்து சொன்னேன். நீ என்ன சொன்ன? 'இருக்கட்டும் மச்சான், சரி பண்ணாத'ன்னு சொல்லல? திருக்காட்டுப்பள்ளியில உங்கப்பா நெல்லும் பெரியப்பா நெல்லும் மழைக்கு முன்னால அறுக்கணும்னு நீ சொல்லல?"

கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப எங்க மிஷினெல்லாம் உங்கப்பா ரெங்கசாமி ஐயா வயலுக்குத்தான் போச்சா தம்பி?"

சூர்யபிரகாஷ் ஹுமைராவிடம் திரும்பினார். "உங்களை இந்தக் கேஸுக்குக் கூப்பிட்டது நான். ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்குங்க. சதியை நிரூபிக்கச் சொன்னீங்க. நிரூபிச்சாச்சு. ஆளோட பேரை மட்டும் நீங்க தப்பாச் சொல்லிட்டீங்க."

ரெத்தினம் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தனக்கு முன்னால் ஹுமைரா முந்திக்கொண்டதை முதல் முறையாகப் பெருமையாக ஒத்துக்கொண்டார்.

கூட்டம் நெருங்கி வந்தது. கை ஓங்குவதற்குச் சில பேர் தயாராகவே இருந்தார்கள். அப்போது கனிமொழி மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள். "அடிச்சா நெல்லு எழுந்திரிக்காது. மறுபடி மழை வருது. மிஷின் எல்லாம் இன்னும் திருக்காட்டுப்பள்ளியிலதான் நிக்குது. சைட்டோட சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு, என்னை வேலையை விட்டு எடுத்தவங்க அதை வாங்க மறந்துட்டாங்க. ஆனா நானா எதையும் மாத்த மாட்டேன். கேட்டுத்தான் மாத்துவேன்."

சாம்பல் நிறத்தைச் சொல்லும் ஒரு வரியைப் பெட்டிக்கு உள்ளே எழுதினாள். அவ்வளவுதான் வேலை. பிறகு அருகில் நின்ற ஹுமைராவிடம் கொடுத்து இரண்டு பொத்தானையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். ஹுமைரா அமுக்கினாள். நீலாம்பாளின் போனில் ஒரு முறை கேட்டார்கள். மருதையன் தூரத்தில் நின்றபடியே அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூர்யபிரகாஷின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது. அப்பா ரெங்கசாமியின் முறைகளையும் பெரியப்பாவின் முறைகளையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். ஆகவே கேள்வியும் அவருக்குத்தான் வந்தது.

'குடவாசல் பகுதியின் முறையை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கச் சம்மதமா?'

வலப்பக்கம் பச்சையில் 'சம்மதம்'. இடப்பக்கம் நல்ல சாம்பல் நிறத்தில், எழுத்து எழுத்தாக, 'வேண்டாம்'.

"ரெண்டும் தெரியுதுங்களா?" என்று ரெத்தினம் அக்கறையோடு விசாரித்தார். "தெரியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் யாரையும் குறை சொல்லக் கூடாது."

ஊர் மொத்தமும் அந்த ஒரு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றது. சூர்யபிரகாஷ் பேக் அமுக்கினார். பெட்டி மறுபடி வந்து நின்றது. போனை அணைத்துவிடலாமா என்று கூட அவர் யோசித்திருக்கலாம். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டார்.

பச்சையை அமுக்கினார்.

*

மறுநாள் விடிந்ததும், சேற்றிலும் ஓடும் பெல்ட் அறுவடை மிஷின்கள் லாரியில் வந்து இறங்கின. செந்தில்குமார் அதற்குள் மாமனார் வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கோ போய்விட்டார். சூர்யபிரகாஷ் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார். புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னவர்தான். மற்றவர்கள் கொடுத்த புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாய்க்கால் வரிசைப்படி முதல் முறை மருதையனுடையது. டிரைவர் மிஷினை அவர் வரப்பருகே கொண்டு வந்து நிறுத்தினார். வானம் இறங்கி வந்து தென்னங்கீற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. படுத்த நெல்லை அறுக்க நேரம் அதிகம் பிடிக்கும். எல்லா வயலும் முடியுமுன் மழை வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

கனிமொழி டிரைவரிடம் போனாள். "அண்ணே, எங்களுதைக் கடைசியா வச்சுக்குங்க. மத்தவங்களுதை முடிச்சிட்டு வாங்க." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குச் சம்மதமாப்பா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

மருதையன் சேற்றில் கிடந்த தன் மூன்று மாவைப் பார்த்தார். டிரைவர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு காத்திருந்தார். பக்கத்து வயல்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு, எதையும் கேட்காதவர் போல நின்றார். மருதையன் கையை உயர்த்தி அடுத்த வயலைக் காட்டினார். மிஷின் அங்கே போயிற்று.

சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் பெரும்பாலும் அறுத்து முடித்துவிட்டார்கள். சில வயல்களில் நெல் முளைவிட்டிருந்தது, அதை மாட்டுக்குத்தான் போட முடியும் என்றார்கள். மற்றவை தேறின. மிஷின் மருதையன் வயலுக்குத் திரும்பி வந்தபோது தூறல் தொடங்கிவிட்டது. ஒரு மா அறுத்ததும் சேற்றில் பெல்ட் சிக்கிக்கொண்டது. டிரைவர் கையை விரித்தார்.

மருதையன் வீட்டுக்குள் போய் நான்கைந்து கருக்கரிவாள்களை அள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்து வயல்காரர் கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். மருதையன் மகள் முன்னால் வந்து நின்றார்.

"புடி. நல்லாக் குனிஞ்சு, அடியில புடிச்சு அறு. கை ஜாக்கிரதை."

ஒரு வாரத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. கனிமொழி அரிவாளை வாங்கிக்கொண்டு, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் வயலில் இறங்கினாள்.

ரெத்தினம் வரப்பில் நின்று, இந்தக் கட்டத்துக்குப் பொருத்தமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த ஹுமைரா அவர் கையில் ஒரு அரிவாளைத் திணித்தாள்.

"பேசிக்கிட்டே அறுக்கலாம்ணே. இறங்குங்க."